மீன் சாகாத வெளிச்சம்

அப்பாண்டை நயினாரின் கதையைப் பிறந்த தேதியிலிருந்து சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அவருக்கும் அது இருந்ததில்லை. ஆகவே அறுபத்தாறாம் வருஷம், ஐப்பசியில் ஒரு மத்தியானம், காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய பஸ்ஸில், ஒரு லாரி டைனமோவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் ஊர் திரும்பினாரே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னா நைனாரே, கொழந்தையா? அரை டிக்கெட் போடவா?"

"கொழந்தைதான்பா. இன்னும் கண்ணு தெறக்கல."

"ஆணா பொண்ணா?"

"எரிஞ்சா சொல்றேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. அப்பாண்டையும் சிரித்தார். அவருக்கு அப்போது நாற்பது வயது. நெல்லும் நிலக்கடலையும் பயிரிடுகிற சமண விவசாயி. எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கிற ஆள். திறந்ததில் பாதியைத் திரும்ப மூடியதில்லை. அவர் வீட்டுக் கடிகாரம் பல வருஷமாக ஒரு முறத்தில்தான் இருந்தது.

ஊர் நாரைப்பாக்கம். மாகறலுக்குத் தெற்கே, ஏரிக்கரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர். மின்சாரக் கம்பி மெயின் ரோட்டோடு நேரே போய்விட்டது. எங்கள் பக்கம் திரும்பவில்லை. மனு கொடுத்தோம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வெளிச்சம் யாருக்கு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மர்மம் வைத்து எழுதுவது என் தொழில் இல்லை. அவர் மனைவி தயாவதிக்கு.

தயாவதி ஏழாவது பாதியில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவர். ஊருக்கு ஒரு பால்வாடி வரப்போகிறது, எட்டாவது தேறிய உள்ளூர்ப் பெண் இருந்தால் அவரே டீச்சர், இல்லாவிட்டால் பால்வாடி பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று அந்த வருஷம் தகவல் வந்தது. நாரைப்பாக்கத்தில் எட்டாவது தேறிய பெண் ஒருத்தர்கூட இல்லை. தனியாகப் படித்து எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறேன் என்று தயாவதி எழுந்து நின்றார். பரீட்சை மழை விட்டதும்.

எப்போது படிப்பது? பகலில் இரண்டு பிள்ளைகள், நான்கு மாடுகள், வயல். ஆனால் சமணர் வீட்டில் ஒரு வசதி உண்டு. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அடுப்பு அணைந்துவிடும். மற்ற வீட்டுப் பெண்கள் சோறு வடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தயாவதி கையைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஊரிலேயே அந்த நேரத்தில் ஓய்வு உள்ள பெண்கள் ஏழெட்டுச் சமண வீட்டார்தான்.

ஓய்வு இருந்தது, வெளிச்சம் இல்லை. மழைக்காலம் முடியும்வரை வீட்டில் சுடர் ஏற்றுவதில்லை என்பது தயாவதியின் நோன்பு. விளக்கைத் தேடி வந்து ஈசல் கருகுகிறது, அந்தப் பாவம் வேண்டாம் என்பது அவர் கணக்கு. கண்ணாடி மூடிய சிம்னி விளக்கு இருக்கிறதே என்பீர்கள். மேலே புகை போகிற வாய் இருக்கிறதே! அதன் வழியாக இறங்கிக் கருகிக் கிடந்ததை ஒரு காலையில் கண்ணாடியோடு கவிழ்த்துப் பார்த்தார். அன்றைக்கே சிம்னி விளக்கு பரணுக்குப் போனது. டார்ச் லைட்டில் படித்துப் பார்த்தார். அசோகர் சண்டையை விடுவதற்குள் பேட்டரிக் கட்டை தீர்ந்துவிட்டது.

"நோன்ப ஒரு வருஷம் தள்ளி வச்சா இன்னா?" என்றார் அப்பாண்டை.

"பரீட்சைக்காவ விட்டா, அது நோன்பா? பரீட்சைதான் போவட்டும்."

சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார். மூடிய விதம் அப்பாண்டைக்குப் பிடிக்கவில்லை. பொத்தென்று மூடியிருந்தால் கோபம் என்று விட்டிருப்பார். மெதுவாக, பக்கத்துக்கு அடையாளம்கூட வைக்காமல் மூடினார்.

அப்பாண்டை வெளியே வந்து நின்றார். ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. மதகு வழியாகத் தண்ணீர் ஆள் உயரத்திலிருந்து கீழே விழுந்து, நுரைத்துக்கொண்டு கால்வாயில் ஓடியது. பகலெல்லாம் ஓடுகிற ஓட்டம். பல்பு என்றால் மூடின கண்ணாடி, உள்ளே பூச்சி போக வழி இல்லை. இந்த இரண்டும் அவர் மண்டையில் ஒரே சமயத்தில் சேர்ந்தன. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் காஞ்சிபுரத்தில் இருந்தார்.

பழைய லாரிகளைப் பிரிக்கிற ஷெட்டில் டைனமோவை எடுத்தார். இருப்பதில் பெரியது, கனமானது. பெரியதுதானே நன்றாக எரியும்? தார் பீப்பாயின் தகரத்தை வெட்டி, முறம் மாதிரி வளைத்து, கைப்பிடி அகல இலைகளாக ஒரு சின்னச் சக்கரத்தில் அடித்தார். மதகின் வாயில் பலகையால் ஒரு குறுகலான தொட்டி. தண்ணீர் அதற்குள் நெருக்கிக்கொண்டு வந்து இலைகளை அறையும். சக்கரத்திலிருந்து தேங்காய் நார்க்கயிறு டைனமோவுக்கு. அதன் தலையில் லாரியின் முன்விளக்கு பல்பு.

மதகைத் திறக்கிற அர்ஜுனன் எல்லாவற்றையும் கரைமேல் குந்தியபடி பார்த்தார். ஊர்த் தண்ணீருக்கு அவர்தான் காவல். எதையும் லேசில் நம்பாத மனுஷன்.

"நைனாரே, தண்ணிலேருந்து நெருப்பு எடுக்கப் போறீங்களா?"

"நெருப்பு இல்லப்பா, வெளிச்சம்."

"எதுவோ, மதகு ஒடஞ்சா பஞ்சாயத்துல ஒங்கள கை காட்டுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

தயாவதியும் வந்திருந்தார். கையில் ஒரு பழைய புடவை. அவர் கால்வாயில் இறங்கி, சக்கரத்துக்குக் கீழே கொஞ்ச தூரம் தள்ளி, புடவையைத் தண்ணீரில் குறுக்கே விரித்து, இரண்டு கரையிலும் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு நின்றார்.

அர்ஜுனன் மதகைத் தூக்கினார். தண்ணீர் பாய்ந்தது. சக்கரம் ஒரு தடவை யோசித்தது. அப்புறம் பிய்த்துக்கொண்டு சுற்றியது. கயிறு கீச்சிட்டது, டைனமோ முனகியது, பல்பு சிவந்தது, மஞ்சளானது, பளீரென்று வெளுத்தது! பொழுது சாயாத நேரம், ஆனாலும் கண் கூசியது. ஊர் கத்தியது. அர்ஜுனன் தலைப்பாகையை அவிழ்த்து ஆகாசத்தில் வீசி, அதைக் கால்வாயில் பறிகொடுத்தார். அப்பாண்டை குதித்தார். நாற்பது வயது ஆள், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, சேற்றில் குதித்தார்.

"தயா! பாத்தியா! பாத்தியா!"

தயாவதி பல்பைப் பார்க்கவில்லை. புடவையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு கரையேறி வந்தார். பிரித்துக் காட்டினார். உள்ளே விரல் நீளக் கெண்டைகள். இரண்டு துண்டாகக் கிடந்தது ஒன்று. இன்னொன்றுக்கு வால் இல்லை, வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஈசல் சாவக்கூடாதுன்னு வெளக்க நிறுத்தினேன். மீன அறுத்து எனக்கு வெளிச்சம் போடுறீங்களா?"

அவ்வளவுதான். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். பல்பு மட்டும் வெட்கமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அப்பாண்டையே கயிற்றைக் கழற்றி அணைத்தார்.

தொட்டியின் வாயில் வலை கட்டலாம் என்று அர்ஜுனனிடம் கேட்டார்.

"கட்டுங்க. ஒரு நாழில பாசியும் எலையும் அடைச்சிக்கும். வயலுக்குத் தண்ணி போவாது. அப்புறம் ஊரு வந்து ஒங்களையும் கட்டும், என்னையும் கட்டும்."

"அப்ப இன்னாபா பண்றது?"

"மீனு போற அளவுக்கு வழி விடணும், மீனு நவுர்ற அளவுக்கு நேரம் விடணும். அவ்ளோதான்." அர்ஜுனன் நனைந்த தலைப்பாகையைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

சரி, சக்கரம் மெதுவாகச் சுற்ற வேண்டும், பலகைகள் அகலமாக, தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். அதை அப்பாண்டை சுலபமாகச் செய்துவிட்டார். தோட்டத்தில் ஓட்டை மாட்டு வண்டி ஒன்று கிடந்தது. இரண்டு சக்கரத்தையும் அச்சோடு சேர்த்து ஆப்பு அடித்து இறுக்கினார். ஒரு சக்கரம் கால்வாய்க்குள், அதன் வட்டையில் அகலப் பலகைகள். மற்றது கரைமேல், காய்ந்த மண்ணில் ஒரு குழிக்கு மேலே. பாதி தண்ணீரில், பாதி தரையில் நின்று சுற்றுகிற வண்டி. போகிற வருகிறவர்கள் "எந்த ஊருக்கு போவுது நைனாரே?" என்று கேட்டார்கள். "வெளிச்சத்துக்கு" என்றார்.

தயாவதி மறுபடி புடவையைக் கட்டிக் காத்திருந்தார். கெண்டை, கெளுத்தி, பொடி மீன் எல்லாம் முழுசாக வந்து விழுந்து துள்ளின. ஒவ்வொன்றாக எடுத்து விட்டார். "இது சரி" என்றார்.

ஆனால் லாரி டைனமோ செத்த மாதிரி கிடந்தது. வண்டிச் சக்கரம் ஆடி அசைந்து சுற்றுவதை எத்தனை கயிறு போட்டு வேகத்தைப் பெருக்கினாலும் அதற்குப் போதவில்லை. பல்பில் ஒரு சிவப்புக்கூட இல்லை. உத்திரமேரூர்ப் பக்கம் கொட்டகை போட்டிருந்த டூரிங் டாக்கீஸில் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று ஓடினார். அங்கே ஆபரேட்டர் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அதன் வேகத்தைப் பார்த்ததும் அப்பாண்டைக்குத் துண்டான கெண்டைதான் நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டார்.

மழையும் ஏறிக்கொண்டிருந்தது, நாளும் ஓடிக்கொண்டிருந்தது. தயாவதி பாடப் புத்தகத்தை அரிசிப் பானைமேல் வைத்திருந்தார். கீழே இருந்தால் பூச்சி அரிக்குமாம். இனிமேல் எடுக்கப்போவதில்லை என்று நினைப்பவர்கள்தான் புத்தகத்தை அப்படிப் பத்திரப்படுத்துவார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பரசுராமன் வந்தார்.

பரசுராமன் காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்து நெசவாளி. பட்டு நெசவு. நாரைப்பாக்கத்துப் பெண் கிருஷ்ணவேணியைக் கட்டியவர், ஆகவே ஊர் மொத்தத்துக்கும் அவர் மாப்பிள்ளை. புதிதாகச் சைக்கிள் வாங்கி, அதற்கு டைனமோ விளக்கும் மாட்டியிருந்தார். பிரசவத்துக்கு வந்திருந்த மனைவியைப் பார்க்க, அந்தி மங்குகிற நேரத்தில் விளக்கெரிய ஜோராக ஊருக்குள் வந்தார்.

தெருமுனையில் நின்ற அப்பாண்டை அதைப் பார்த்தார். ஆயிரம் தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"மாப்ள! நில்லு! இல்ல, நிக்காத! போ! மெதுவாப் போ!"

"நிக்கவா, போவவா? ஒண்ணு சொல்லுங்க நைனாரே!"

"எறங்கு! டைனமோவ எடுக்காத! எறங்கித் தள்ளு!"

"ஏறிப் போறதுக்குத்தான் வாங்கினேன்."

"தள்ளுபா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்!"

பரசுராமன் இறங்கித் தள்ளினார். நடக்கிற வேகம்தான். விளக்கு அணையவில்லை. மங்கிச் சிவந்தது, ஆனால் எரிந்தது. அப்பாண்டை விளக்குக்கு முன்னால் குனிந்து, பின்பக்கமாக நடந்துகொண்டே கத்தினார்.

"எரியுது! இன்னும் மெதுவா! எரியுதுபா! இன்னும் மெதுவா!"

வாசலுக்கு வந்த கிருஷ்ணவேணி பார்த்தார். புருஷன் புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். முன்னால் நயினார் குனிந்தபடி பின்னோக்கி நடக்கிறார்.

"இன்னாய்யா, காத்து போச்சா?"

"காத்து இருக்குது. நைனாருக்குத்தான் இன்னாமோ போச்சு."

மறுநாள் இரண்டு பேரும் அதே சைக்கிளில் காஞ்சிபுரம். சர்வதீர்த்தக் குளத்துப் பக்கம் காசிநாதன் என்பவர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். லாரி டைனமோவையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார் அப்பாண்டை. இது ஏன் எரியவில்லை, அந்தச் சுண்டைக்காய் ஏன் எரிகிறது என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் வராது.

காசிநாதன் இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இந்தப் பெரிய ஆளு வயித்துல காந்தம் கெடையாது நைனாரே. செம்புக்கம்பிதான். வேகமா சுத்தணும், சுத்தி கரண்ட் உண்டாக்கணும், அந்தக் கரண்ட்லயே தனக்கு காந்தம் பண்ணிக்கணும். வேகம் இல்லன்னா பட்டினிதான். இதப் பாருங்க, சைக்கிளுது. பொறக்கும்போதே காந்தத்தோட பொறந்துக்கினு வருது. எப்படி சுத்தினாலும் கொஞ்சமாவது குடுக்கும்."

"சின்னதுக்கு சொத்து இருக்குது, பெருசு சம்பாதிச்சாத்தான் சாப்பாடு!"

"அதான்!"

அப்பாண்டை கடையே அதிரக் கைதட்டினார். இவ்வளவு நாளும் பெரியது எது என்று தேடியிருக்கிறார். தேட வேண்டியது உள்ளே காந்தம் உள்ளதை.

காசிநாதன் ஒரு டப்பா நிறைய டைனமோ கொண்டுவந்து கொட்டினார். அப்பாண்டை ஒவ்வொன்றின் தலையையும் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தார். சிலது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றின. அவற்றைத் தள்ளி வைத்தார்.

"இன்னா நைனாரே, நல்லதையெல்லாம் தள்ளுறீங்க? மிதிக்க லேசா இருக்குதுன்னு அதத்தான் கேட்டு வாங்குறாங்க."

"லேசா இருக்குதுன்னா காந்தம் செத்துக்கினு இருக்குதுன்னு அர்த்தம். மிதிக்க கனமா இருக்குதுன்னு திருப்பிக் குடுப்பாங்களே, அதெல்லாம் எங்க?"

"அதா? அந்த மூலைல. எவனும் தொடமாட்டான். கால் வலி எடுக்குதும்பான்."

"தண்ணிக்கு முட்டி வலிக்காதுபா. எடு!"

மூலையிலிருந்து வந்தவை விரலில் தடக் தடக் என்று முரண்டு பிடித்தன. உள்ளே யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. அந்த முரண்டுக்காரர்களில் நான்கைப் பொறுக்கினார். லாரி டைனமோவைப் பதிலுக்குக் கொடுத்தார். நான்கையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம், ஒரு டைனமோவுக்கு ஒரு பல்பு என்று தனித்தனியாகக் கட்டுங்கள், கம்பியை நீளமாக இழுத்தால் வெளிச்சம் வழியிலேயே தீர்ந்துவிடும் என்று காசிநாதன் சொல்லி அனுப்பினார். டயரோடு ஒரு பழைய பின்சக்கரத்தையும் கொடுத்தார்.

இனி வேலை இதுதான். கரைமேல் சுற்றுகிற வண்டிச் சக்கரம் பெரியது, மெதுவானது. அதிலிருந்து ஒரு பட்டை போய், சைக்கிள் சக்கரத்தின் அச்சில் மாட்டிய சின்னக் கட்டை உருளையைச் சுற்ற வேண்டும். பெரியது ஒரு சுற்று சுற்றினால் சின்னது பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றும். சைக்கிள் டயரில் நான்கு டைனமோவின் தலையும் உரசிக்கொண்டு ஓடும். பரசுராமன் உடனே பிடித்துக்கொண்டார். தறிக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றுகிற ராட்டையும் அதே கணக்குத்தானே. பெரிய சக்கரத்தைக் கை மெதுவாகச் சுற்றும், கதிர் பறக்கும்.

பட்டைக்கு எது? நெல் மில்லில் ஓடுகிற பட்டை தோல். தயாவதி முகத்தைப் பார்த்ததும் தோல் என்ற வார்த்தையை யாரும் முடிக்கவில்லை.

"இதுக்கா ரோசனை?" என்றார் பரசுராமன். "பட்டு நூலு தரேன். முறுக்கிப் போட்டா யானைய கட்டி இழுக்கலாம். தண்ணிக்கும் அசையாது."

"எத்தினி புழுவ வேவவச்சு எடுத்த நூலுண்ணே அது?" என்று கேட்டார் தயாவதி.

"போச்சுடா! எங்க சோத்துலயே கைய வைக்கிறியேம்மா!"

"ஒங்கள நெய்ய வேணாம்னு சொன்னனா? என் வெளக்குக்கு வேணாம்னு சொல்றேன்."

பரசுராமன் சிரித்துவிட்டார். "சரி தாயி, பருத்தி. ஆனா எவனும் நெய்யாத பருத்தியா நெய்யுறேன் பாரு." பருத்தி நூலை எட்டு மடிப்பாகச் சேர்த்து, தறியில் நான்கு விரல் அகலத்துக்கு நாடா நெய்து, முனையே தெரியாமல் பின்னி வளையமாக்கிக் கொண்டுவந்தார். பட்டுக்குப் பழகிய கை நெய்தது. பட்டுப் புடவைக் கரையில் வளைந்து வளைந்து போகுமே வங்கிப் பேட்டு, அந்த வேலைப்பாட்டைக்கூட விட்டுவிடவில்லை. தண்ணீர்ச் சக்கரத்துக்கு வங்கிப் பேட்டுக் கரை போட்ட பட்டை, உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மாட்டினார்கள். மதகு திறந்தது. வண்டிச் சக்கரம் சுற்றியது. பட்டை முதலில் பிடித்தது, நான்கு பல்பும் கண் சிமிட்டின, ஊர் ஓவென்றது. அடுத்த நிமிஷம் பட்டை வழவழவென்று வழுக்க ஆரம்பித்தது. வண்டிச் சக்கரம் ஓடுகிறது, சைக்கிள் சக்கரம் நிற்கிறது. இது போதாதென்று தயாவதி கீழேயிருந்து கத்தினார்.

"ஏங்க! மீனெல்லாம் இங்கயே வந்து மொய்க்குது! சக்கரத்துக்கு அடியிலேயே நின்னுக்கினு இருக்குது! நிறுத்துங்க!"

நிறுத்தினார்கள். சக்கரத்தைச் சுற்றி ஏரி மீன் பாதி கூடியிருந்தது, பந்தியில் உட்கார்ந்த மாதிரி. அப்பாண்டை பட்டையைத் தொட்டுப் பார்த்தார். விரலை மோந்து பார்த்தார். பரசுராமனைப் பார்த்தார்.

"மாப்ள, இதுல கஞ்சி போட்டியா?"

"பின்ன? கஞ்சி போடாம பாவு ஓட்டுவாங்களா? அரிசிக்கஞ்சி, ஷோக்கா வடிகட்டி…"

சொல்லி முடிக்கவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது. பருத்திப் பாவு என்றால் விறைப்புக்குக் கஞ்சி ஏற்றாமல் நெசவாளி கை வேலை செய்யாது. சாரலில் நனைந்து கஞ்சி கரைந்து கால்வாயில் வடிந்து, பட்டை வழுக்கி, மீனுக்குச் சாப்பாடும் ஆகிவிட்டது.

"தொழில்முறை தவறாம செய்யலாம்னு பாத்தா, மீனுக்கு விருந்து வச்சிட்டேன்!" தலையில் அடித்துக்கொண்டார்.

"பரவால்லண்ணே," என்றார் தயாவதி. அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம். "சோறு போட்டதுல பாவம் இல்ல."

பட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் அலசிக் கஞ்சி இறக்கினார்கள். பிடிப்புக்குத் தேன்மெழுகு தேய்க்கலாம் என்று காசிநாதன் சொல்லி அனுப்பினார். அதுவும் ஆகாது, அது தேனீயின் உழைப்பு. கடைசியில் குங்கிலியத்தை ஆமணக்கெண்ணெயில் காய்ச்சித் தேய்த்தார்கள். மரம் விட்ட பிசின், யாருக்கும் நஷ்டம் இல்லை.

அன்று பொழுது இறங்குகிற நேரம். மழை விட்டு, ஈசல் கிளம்புகிற மாதிரியான புழுக்கம். மதகின் பக்கத்தில் அர்ஜுனனுடைய ஓலைக் கொட்டகையில்தான் பல்புகளைக் கட்டியிருந்தார்கள். வீடுவரை கம்பி இழுத்தால் வெளிச்சம் வராது. அர்ஜுனன் மதகைத் தூக்கினார். வண்டிச் சக்கரம் முனகிக்கொண்டே திரும்பியது. பட்டை பிடித்தது. சைக்கிள் சக்கரம் உர்ரென்றது. ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் மற்ற இரண்டும். கோழி முட்டைக்கருவின் நிறத்தில் நான்கு வெளிச்சம். லாரி பல்பு மாதிரி கண்ணைக் குத்தவில்லை. ஆனால் அணையவும் இல்லை.

இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. எல்லோரும் தயாவதியைப் பார்த்தார்கள். அவர் பல்பின்மேல் விரல் வைத்தார். எடுக்கவில்லை. "சுடல" என்றார். ஈசல் வந்தது. கண்ணாடியில் முட்டியது, விழுந்தது, எழுந்து நடந்தது, மறுபடி பறந்தது. தயாவதி வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்புக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தார். அது அவரிடம் இருந்தது அப்பாண்டைக்கே தெரியாது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஈசலை ஊதிவிட்டு, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். "கலிங்கப் போருக்குப் பின் அசோகர்…" அப்போதுதான் எல்லோரும் கத்தினார்கள். பரசுராமன் அப்பாண்டையைத் தூக்கப் பார்த்து முடியாமல் இரண்டு பேரும் விழுந்தார்கள்.

அசோகர் பௌத்தத்தைத் தழுவுகிற இடத்தில் நான்கு பல்பும் ஒன்றாக அணைந்தன.

"இன்னாச்சு!"

"மதகு மூடிட்டேன்," என்றது இருட்டிலிருந்து அர்ஜுனன் குரல். "பொழுது போனா மூடணும். அது ஊரு கட்டுப்பாடு. நான் இன்னா பண்ணட்டும்?"

மறுநாள் ஊர் கூடியது. பஞ்சாயத்துத் தலைவர் அப்பாதுரை கேட்டார்: "ஒரு பொம்பள பரீட்சைக்காவ ஏரிய தொறந்து வுட முடியுமா?"

தயாவதி எழுந்தார். "ஏரிய தொறந்து வுட சொல்லலிங்க. பகல்ல பாயுற அதே தண்ணி. மத்தியானம் கொஞ்ச நேரம் மூடிட்டு, அந்த நேரத்த பொழுது சாஞ்சப்புறம் பாச்சுங்க. வெயில் குடிக்கிற தண்ணி மிச்சம். நான் தேறினா ஊருக்குப் பால்வாடி. தேறலன்னா ஒங்க பேரப்புள்ளைங்க பக்கத்து ஊருக்கு நடந்து போவணும். அவ்ளோதான்."

"இருட்டுல எவன் போயி மடை பார்ப்பான்?" என்றார் அப்பாதுரை.

"ஒரு பல்பு மதகுக்குக் குடுத்துடுறேன்," என்றார் அப்பாண்டை.

"மதகுக்குன்னா எனக்கு," என்றார் அர்ஜுனன் அவசரமாக. "அப்ப எனக்கு சம்மதம்."

இந்த ஊரில் நான் எத்தனையோ கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தீர்மானம் டீ வருவதற்குள் நிறைவேறி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த மழைக்காலம் முழுக்க மதகுக் கொட்டகையில் அந்தியில் படிப்புச் சத்தம் கேட்டது. மற்ற வீட்டுப் பெண்கள் சமையலைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். கிருஷ்ணவேணி கைக்குழந்தையோடு வந்தார். பட்டையின் வங்கிப் பேட்டுக் கரை சுற்றிச் சுற்றி வருவதைக் குழந்தை கண்கொட்டாமல் பார்க்கும். தயாவதி கணக்கில் தடுமாறினார், வரலாற்றில் ஓடினார், தேறினார். பால்வாடி நாரைப்பாக்கத்துக்கு வந்தது. டீச்சர் தயாவதி. முதல் நாள் வந்த பிள்ளைகளில் கிருஷ்ணவேணியின் பிள்ளை இல்லை, அது இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் பேரைப் பதிந்துவைத்துவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து, எழுபதுகளின் தொடக்கத்தில், ஒருவழியாக மின்சாரக் கம்பி எங்கள் பக்கம் திரும்பியது. பால்வாடிக்குத்தான் முதல் இணைப்பு. லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருந்தார். அப்பாண்டை கீழே நின்று, ஏறாத குறையாக, அது என்ன இது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். தயாவதி டீச்சர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இந்த கரண்டு எங்கேருந்துப்பா வருது?"

"அணைக்கட்டுலேருந்தெல்லாம் வருதும்மா. தண்ணிய வுட்டு பெரிய பெரிய சக்கரம் சுத்துறாங்க."

"அங்க மீன் இருக்குதா?"

லைன்மேன் கையில் பிடித்த கம்பியோடு அப்படியே கீழே பார்த்தார்.

"தெரியலயேம்மா."

தயாவதி கணவரைத் திரும்பிப் பார்த்தார். அப்பாண்டை ஏற்கெனவே சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மெயின் ரோட்டுக்குத்தான்! பஸ் புடிச்சு அணைக்கட்டுக்கே போயி கேட்டுக்கினு வந்துடுறேன்! அதுவரைக்கும் நம்ம பட்டைய கழட்டாதீங்க!"